இரவுக்கு என்ன?

மாலை ஐந்து மணியானதும் நம் நாட்டு இல்லங்களிலே ஒரு வினா எழுகின்றது. வயலிலிருந்து வந்த தந்தை கேட்கிறார். வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள் கேட்கின்றனர். வேலைக்குப் போய்த் திரும்பிய தாயோ, அடுப்படியில் நின்று தன்னைத் தானே கேட்டுக்கொள்கிறாள்: ‘இரவுக்கு என்ன?’ கேட்பதற்கு இரண்டே சொற்கள். ஆனால் நாள் முழுதும் உழைத்துக் களைத்தவளுக்குச் சமைக்கும் வேலையைவிட இந்த வினாவே பெரும் பாரமாகி விடுகின்றது. விடை கிடைக்காத போது கடைப் பாணும் வெறுந்தேநீரும் விடையாகின்றன.

நான் கட்டைபறிச்சானில் வாழ்பவள். ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர். ஊட்டச்சத்து நிபுணரல்லள். எனினும் காலைக் கூட்டத்திலே வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் முகங்களை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். முதல் நாள் இரவு வீட்டிலே என்ன நடந்தது என்பது மறுநாட் காலையில் அம்முகங்களிலே தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய காலைக் கூட்டமொன்றில் ஒரு மாணவி மயங்கிச் சாய்ந்தாள். தண்ணீர் தெளித்து, இருத்தி, முதல் நாள் இரவு என்ன உண்டாய் என்று கேட்டேன். நூடில்ஸ் என்றாள். தாயை அழைத்துப் பேசினேன். அவர்கள் வீட்டு முற்றத்திலே முருங்கை மரம் நிற்கிறது, கோழிகள் முட்டையிடுகின்றன. அந்த முட்டைகளை விற்ற பணத்திலேதான் நூடில்ஸ் வாங்கப்பட்டது. அத்தாயை நான் குறைகூறவில்லை. ஏனெனில், அதிபராகப் பொறுப்பேற்ற புதிதில் என் வீட்டிலும் வாரத்தில் நான்கு இரவுகள் பாண்தான். உணவு இல்லாமலா? இல்லை. எண்ணிப் பார்க்க நேரம் இல்லாமல். அவ்வாண்டு சிகிச்சை நிலையத்திலே குருதியைச் சோதித்தபோது எனக்குக் குருதிச்சோகை என்றார்கள். பிள்ளைகளுக்கு இரும்புச் சத்தைப் பற்றிப் பாடம் நடத்திய ஆசிரியையின் குருதியிலேயே இரும்பு குறைந்திருந்தது!

ஆகவே இன்றைய பேச்சிலே நான் சொல்ல விரும்புவது ஒன்றே. இரவுணவை நாள்தோறும் மாலையிலே தீர்மானிக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை தீர்மானிக்க வேண்டும். அதனையும் ஒருவர் தனியே தீர்மானிக்கக் கூடாது. குடும்பம் முழுதும் கூடித் தீர்மானிக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவர் பட்டம் பெற்றவரல்லர். 2006 ஆம் ஆண்டுப் போரிலே சம்பூர்ப் பகுதியை விட்டு வெளியேறிய மக்களுட் பலர், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களிலே அமைந்த இடைத்தங்கல் முகாம்களில் நெடுங்காலம் வாழ்ந்தனர். 2015 ஆம் ஆண்டு முதலே அவர்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பத் தொடங்கினர். எங்கள் ஊர் முகாமிலே ஒரு தாயைக் கண்டேன். அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று நிவாரணம் கிடைத்த அன்றே அவர் ஒரு பாயை விரிப்பார். ஒவ்வொரு வாரத்துக்குமுரிய பருப்பையும் மாவையும் ஏழு பங்காக்கித் துணித்துண்டுகளிலே முடிந்து வைப்பார். ஏனென்று கேட்டேன். “ரீச்சர், பசியோடை இருக்கிறபோது பங்கு போட்டால் பங்கு பிழைச்சுப் போகும்” என்றார். ஒரு பேராசிரியர் நூல் எழுதினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பசித்த நேரமும் களைத்த நேரமும் தீர்மானம் செய்வதற்கு ஏற்ற நேரங்களல்ல.

இரவுணவிலே பாணும் கோதுமை மாவும் இத்துணை இடம் பெற்ற கதையையும் சிறிது அறிந்துகொள்வது நல்லது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும் பகுதியைப் பர்மா முதலிய நாடுகளிலிருந்தே பெற்றது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் குண்டுகள் விழுந்தன. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. குறைந்த அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. இன்று எங்கள் குடாவின் மறுகரையிலே, சீனக்குடாவிலே, நாட்டின் மிகப் பெரிய மா ஆலை நிற்கிறது. அங்கே அரைபடும் கோதுமையில் ஒரு மணியேனும் இந்த மண்ணிலே விளைந்ததன்று. யாவும் கப்பலில் வருவது.

கப்பலில் வருவதன் விலை நம் கையில் இல்லை என்பதை 2022 ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது. அவ்வாண்டு செப்டெம்பரிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட நூற்றுக்கு 94.9 வீதம் உயர்ந்திருந்தது. எரிவாயுவுக்கு வரிசை; மண்ணெண்ணெய்க்கு வரிசை. அந்நாட்களிலே வளவில் முருங்கையும் மரவள்ளியும் வைத்திருந்த வீடுகள், மாத வருமானம் அதிகமாயிருந்த சில வீடுகளைவிட ஒழுங்காக உண்டன. மகாவலி வந்து கடலிற் கலக்கும் கொட்டியாரக் குடாவின் கரையிலே வாழும் நமக்கு நெல் உண்டு, மீன் உண்டு, தயிர் உண்டு, இலைக்கறி உண்டு. குறைவது அவற்றை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடுதான்.

அந்த ஏற்பாட்டுக்கு மூன்று கேள்விகள் போதும். வயிற்றை நிரப்புவது எது? உடலை வளர்ப்பது எது? நோயைத் தடுப்பது எது? முதலாவதற்கு விடை சோறு, புட்டு, இடியப்பம், கிழங்கு போன்ற மாப்பொருள். இரண்டாவதற்கு விடை மீன், முட்டை, பருப்பு, பயறு, கடலை, கௌபி போன்ற புரத உணவு. மூன்றாவதற்கு விடை இலையும் காயும் பழமும். விற்றமின்களும் கனியுப்புக்களும் பெரிதும் அவற்றிலேயே கிடைக்கின்றன. ஓர் இரவின் உணவு இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தந்தால் அது நிறைவான உணவு. பாணும் சீனிச் சம்பலும் முதற் கேள்விக்கு மட்டுமே விடை தருகின்றன. மற்றைய இரண்டும் வினாக்களாகவே எஞ்சுகின்றன.

இனி, எங்கள் வீட்டிலே கைக்கொள்ளும் வார ஒழுங்கைச் சொல்கிறேன். நாங்கள் ஐவர். வாரத்தின் ஏழு இரவுகளையும் புரத உணவைக் கொண்டே பெயரிட்டு வைத்திருக்கிறோம். ஒன்று முட்டை இரவு. இரண்டு மீன் இரவுகள். இரண்டு பருப்பு, பயறு இரவுகள். ஒன்று கடலை இரவு. எஞ்சிய ஒன்று கஞ்சி இரவு.

திங்கட்கிழமை முட்டை இரவு. குரக்கன் மாவும் அரிசி மாவும் சரிபாதி கலந்த புட்டு, கத்தரிக்காய்ப் பாற்கறி, ஆளுக்கொரு அவித்த முட்டை. குரக்கனில் உள்ள கல்சியம் அரிசியில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். வளரும் பிள்ளைக்கும் வயது முதிர்ந்த பாட்டிக்கும் எலும்புக்கு வேண்டியது அது.

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் ஊரிற் பல இல்லங்களிலே சைவ நாட்கள். அவையே பருப்பு, பயறு இரவுகள். செவ்வாயன்று புழுங்கலரிசிச் சோறு, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல். வெள்ளியன்று சோறு, பயற்றுக் கறி, பூசணிக்காய்ப் பாற்கறி, ஓர் அகப்பை தயிர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டை அண்டியுள்ள பி வகை விற்றமின்களில் ஒரு பகுதி மணிக்குள்ளே சென்று தங்கி விடுகின்றது. ஆதலால் தீட்டிய பின்பும் அது முழுதாக நீங்குவதில்லை. சோறும் பருப்பும் சேர்ந்து உண்பதிலும் ஒரு நுட்பமுண்டு. அரிசிப் புரதத்திலே குறைவாயுள்ள கூறு பருப்பிலே மிகுந்துள்ளது. பருப்பிலே குறைவானது அரிசியிலே உள்ளது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கின்றது.

புதன்கிழமை மீன் இரவு. இடியப்பம், சிறுமீன் சொதி, தேங்காய்ச் சம்பல், வாய்த்தால் வல்லாரைச் சம்பல். வேலைக்குப் போகும் பெண் மாலையிலே இடியப்பம் பிழிவது எளிதன்று. அயலிலே இடியப்பம் அவித்து விற்கும் ஒரு பெண்மணியிடம் புதன்தோறும் வாங்குகிறோம். எங்களுக்கு நேரம் மிஞ்சுகிறது. அவருக்கு வாரத்தில் ஒரு நிச்சய வருமானம். மீனைப் பொறுத்தவரை பெரிய மீனின் துண்டே சிறந்தது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. சாளை, சூடை, நெத்தலி முதலிய சிறுமீன்கள் விலையிற் குறைந்தவை. நெத்தலியை முள்ளோடு உண்ணலாம் என்பதால் அதிலே கல்சியமும் சேர்ந்து கிடைக்கும்.

வியாழக்கிழமை கடலை இரவு. தேங்காய்ப்பூச் சேர்த்த ரொட்டி, கடலைக் கறி, அரிந்த வெங்காயமும் தக்காளியும். கோதுமை மாவுக்கு எங்கள் வாரத்தில் இந்த ஓர் இரவுதான். அதனை விரோதியாக்கத் தேவையில்லை. வீட்டுத் தலைவனாக்காமல் இருந்தாற் போதும். சனிக்கிழமை மறுபடியும் மீன்: அவித்த மரவள்ளிக் கிழங்கு, மீன் குழம்பு, பச்சைக் கொச்சிக்காய்ச் சம்பல். மரவள்ளியைக் கிண்டிய அன்றே தோலை நன்றாக நீக்கி, நிறையத் தண்ணீரிலே, மூடி போடாமல் அவிக்க வேண்டும். அக்கிழங்கிலே உண்டாகும் நச்சுப் பொருள் நீரோடும் ஆவியோடும் வெளியேற வேண்டும். நீலக் கோடு விழுந்த கிழங்கை இரக்கமின்றி எறிந்து விடுங்கள்.

ஞாயிறு மதியம் வீட்டிலே பெரிய சமையல். ஆகையால் இரவு வயிற்றுக்கு இலேசாகக் கஞ்சி. அரிசியும் வறுத்த பயறும் சேர்த்துக் குழைய வேகவிட்டு, அவ்வார இறுதியிலே மூலையிற் கிடக்கும் காய்களையெல்லாம் சிறிதாக அரிந்து போட்டு, பொன்னாங்காணியையோ முருங்கையிலையையோ இறுதியிலே சேர்த்து, தேங்காய்ப்பால் விட்டு இறக்கினால் ஒரே பானையிலே மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்து விடும். அரைக் காய், ஒற்றைக் கரட், இரண்டு பயற்றங்காய் என்று ஒன்றும் வீணாவதில்லை.

இவ்வொழுங்கு கல்லில் எழுதியதன்று. வாடைக் காலத்திலே கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையிலே கிடக்கும். மீன் விலை ஏறும். அப்போது மீன் இரவு முட்டை இரவாகவோ கௌபி இரவாகவோ மாறும். கருவாடும் உதவும், ஆனால் நன்றாக ஊறவைத்துக் கழுவி, கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமைக்க வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மாறுவது பண்டம், மாறாதிருக்க வேண்டியவை அந்த மூன்று கேள்விகள்.

செலவைப் பற்றி நேயர்கள் கேட்பீர்கள். விலைகளைச் சொல்ல நான் துணியேன். இன்று சொல்லும் விலை நாளை பொய்யாகலாம். விலையை நிறுத்துப் பார்க்கும் முறையை மட்டும் சொல்கிறேன். ஒரு முட்டையிலே ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. உலர்ந்த பயறு 100 கிராமிலே ஏறத்தாழ 24 கிராம் உண்டு. ஆகவே 100 கிராம் பயறு, புரதத்தின் அளவிலே, நான்கு முட்டைகளுக்கு நிகர். சந்தைக்குப் போகுமுன் நான்கு முட்டையின் விலையையும் 100 கிராம் பயற்றின் விலையையும் பக்கத்திற் பக்கம் எழுதிப் பாருங்கள். அவ்வாரம் எதனை அதிகம் வாங்குவது என்று கணக்கே சொல்லிவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் இக்கணக்கைக் கொடுங்கள். அதற்குக் கணக்கும் வரும், வீட்டின் நிலையும் விளங்கும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். கடலையையும் கௌபியையும் காலையிலே வேலைக்குப் புறப்படுமுன் ஊறப்போட்டால், மாலையிலே அவை விரைவில் வேகும். விறகும் எரிவாயுவும் மிஞ்சும். குரக்கன் மாவையும் அரிசி மாவையும் ஞாயிறன்றே வறுத்துப் போத்தலில் அடைத்து வைக்கலாம். நேரத்தை மிச்சம் பிடிக்கிறோமென்று மதியம் வடித்த சோற்றை வெப்பத்திலே இரவுவரை வைத்திருக்க வேண்டாம். அதிலே பெருகும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. அவ்வாறே சூரை, சாளை போன்ற மீன்களை வாங்கியவுடன் பனிக்கட்டியிலோ குளிரூட்டியிலோ வைக்க வேண்டும். வெயிலிலே கிடந்த மீனில் உண்டாகும் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் போவதில்லை.

செலவே இல்லாத இரண்டு சிறு வழக்கங்களும் உண்டு. இலைக்கறியின் மீது இறக்கும்போது தேசிக்காய் பிழியுங்கள். அதிலுள்ள விற்றமின் சி, இலையின் இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்குத் துணை செய்கின்றது. உணவோடும் உணவு முடிந்த உடனேயும் தேநீர் அருந்தாதீர்கள். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் அந்த இரும்பைத் தடுத்து விடுகின்றது. ஒரு மணி நேரம் கழித்து அருந்துங்கள். எனது குருதிச்சோகைக்கு வைத்தியர் தந்த மாத்திரைகளோடு, இந்த இரு மாற்றங்களையும் செய்யுமாறு எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் சொன்னார். அடுத்த ஆண்டுச் சோதனையிலே நிலை தேறியிருந்தது.

இறுதியாக, இந்தப் பேச்சின் உயிரான செய்திக்கு வருகிறேன். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். ஆனால் அகப்பையில் வருவது யாருடைய கோப்பைக்குப் போகிறது? நம் இல்லங்களிலே கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பின்னரே தாய் உண்ண அமர்கிறாள். அப்போது மீன் முடிந்திருக்கும். குழம்பு மட்டும் இருக்கும். முட்டை முடிந்திருக்கும், ஒரு பிடி புட்டும் சம்பலும் இருக்கும். அதனைத் தியாகம் என்று நாம் புகழ்கிறோம். குருதிச்சோகை புகழ்ச்சியாலே தீர்வதில்லை. எங்கள் வீட்டிலே இப்போது அடுப்படியிலேயே ஐந்து கோப்பைகளும் ஒருங்கே வைக்கப்படுகின்றன. மீனும் முட்டையும் இலைக்கறியும் ஐந்திலும் பகிரப்பட்ட பின்னரே எவரும் கைகழுவ எழுவர். முகாமிலே அந்தத் தாய் ஏழு நாட்களுக்குப் பங்கிட்டார். நாம் ஐந்து பேருக்கும் பங்கிடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வேலையும் அவ்வாறே பகிரப்பட வேண்டும். ஞாயிறு மாலை தேநீர் வேளையிலே பழைய நாட்காட்டித் தாளொன்றின் பின்புறத்தை எடுங்கள். ஏழு கோடுகள் இழுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் மூன்று விடைகளை எழுதுங்கள். நான்காவதாக, யார் என்ன செய்வது என்று எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளிலே தேங்காய் துருவுவது என் கணவர். பருப்புக் கழுவி அடுப்பில் வைப்பது மூத்த மகன். இலை ஆய்வது மாமியும் சின்ன மகளும். தொடக்கத்திலே உப்புக் கூடியது. ஒரு நாள் பருப்பு அடிப்பிடித்தது. அடிப்பிடித்த பருப்பை ஐவரும் உண்டோம், மறுவாரம் அடிப்பிடிக்கவில்லை.

அந்த மாணவியின் தாயும் பின்னர் ஒரு நாள் பாடசாலைக்கு வந்தார். கோழி முட்டைகளிலே பாதியை மட்டும் விற்பதாகவும், மற்றப் பாதி திங்கட்கிழமைகளுக்கு என்றும் சொன்னார். நான் பாராட்டியதும், “திங்கட்கிழமை நானும் ஒண்டு சாப்பிடுறன் ரீச்சர்” என்று சிறிது வெட்கத்தோடு கூறினார். அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.

நேயர்களே, அடுத்த ஞாயிறு மாலை அந்தத் தாளை எழுதிச் சமையலறைச் சுவரிலே ஒட்டிவிடுங்கள். திங்கள் மாலை ஐந்து மணிக்கு, ‘இரவுக்கு என்ன?’ என்று யாரேனும் கேட்டால், தாய் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. சுவரைக் காட்டினாற் போதும்.